நாய்க்கு வரும் வலிப்பும் நாள் குறித்து வைப்பதும்



நாய்க்கு வலிப்பு வந்தால் நம் ஊரில் மனிதருக்குச் செய்வதையே அதற்கும் செய்கிறார்கள். சாவிக்கொத்தைக் காலருகே வைப்பார்கள். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டுவார்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். ஒவ்வொரு வைத்தியத்துக்கும், ‘செய்தேன், உடனே நின்றது, கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடுகின்றன. சாவியைத் தேடி எடுத்து வருவதற்கே ஒரு நிமிடம் போய்விடுகிறது. கடைசியாக எதைச் செய்தோமோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் இதே பிழை, இன்னும் பெரிய அளவில், படித்தவர்கள் செய்யும் வைத்தியத்திலும் நடக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஒரு வலிப்பு தானாக நிற்பதைப் போலவே, அடிக்கடி வலிப்பு வரும் மாதங்களும் தாமாகவே ஓய்கின்றன. பிறகு காரணம் தெரியாமல் திரும்பி வருகின்றன. இப்படி ஏறி இறங்கும் நோயைக் கண்ணையும் ஞாபகத்தையும் நம்பி நடத்த முடியாது. தேதி போட்டு எழுதிய கணக்கை வைத்துத்தான் நடத்த முடியும். மாத்திரை, உணவு, ஸ்கேன் எதுவானாலும் அந்தக் கணக்கு இல்லாமல் அதன் பயனை அறிய வழியில்லை. என் கட்சி இவ்வளவுதான்.

முதலில் நோயைப் பார்ப்போம். மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் ஒரு சமநிலையில் இயங்குகின்றன. அடக்கும் பக்கம் தளர்ந்து, பெருந்திரளான செல்கள் ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் மின்துடிப்பை வெளியிட்டால் அது வலிப்பு. ஒருமுறை வலிப்பு வந்தாலே வலிப்பு நோய் என்று சொல்லிவிட முடியாது. 2015இல் பன்னாட்டுக் கால்நடை வலிப்பு ஆய்வுக் குழு வெளியிட்ட வரையறைப்படி, தூண்டும் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் குறைந்தது இரண்டு வலிப்புகள் வந்திருக்க வேண்டும். பிரிட்டனின் பொதுக் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளில் இருநூறு நாய்களில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் காணப்பட்டது. சில இனங்களில் இது அதிகம். டென்மார்க்கில் லாப்ரடார்களை ஆராய்ந்தபோது நூற்றில் மூன்றுக்கு இருந்தது. பெல்ஜிய மேய்ப்பு நாய்களில் இரு வகைகளில் நூற்றில் ஒன்பதைத் தாண்டியது.

வலிப்பு பல நாய்களில் திடீரென்று தொடங்குவதில்லை. சில மணி நேரம் முன்பே சில நாய்கள் அமைதி இழந்து வீட்டாரையே ஒட்டிக்கொண்டு திரியும். பிறகு விழுந்து, உடல் விறைத்து, நீந்துவதுபோல் கால்களை அடித்து, வாயில் நுரை தள்ளி, சிறுநீர் கழிக்கும். முடிந்த பிறகும் நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ கண் தெரியாததுபோல் சுவரில் மோதும், வீட்டாரையே அடையாளம் தெரியாமல் உறுமும், கண்டதையெல்லாம் தின்னும். பார்ப்பவருக்கு நடுக் காட்சிதான் பயங்கரம், ஆனால் அப்போது நாய்க்கு நினைவு இருப்பதில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். படிக்கட்டு, மேசை முனை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து அதை நகர்த்துங்கள். விளக்கை அணைத்து, சத்தத்தைக் குறையுங்கள். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடாதீர்கள். நாய் தன் நாக்கை விழுங்கிவிடாது, ஆனால் உங்கள் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடக்கூடும். மின்விசிறியைப் போடுங்கள், ஏனென்றால் தசைகள் இடைவிடாது இயங்கும்போது உடல் சூடேறுகிறது. நம் கோடையில் அது தனி ஆபத்து. அதோடு கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. ஒரே நாளில் இரண்டாவது வலிப்பு வந்தாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். அத்தகைய நாய்களுக்கு வீட்டிலேயே கொடுக்க மருத்துவர் ஒரு மருந்தை முன்கூட்டி எழுதித் தரலாம். ஆசனவாய் வழியாக டயசெபாம் கொடுப்பது பழைய முறை. மூக்கில் தெளிக்கும் மிடசோலாமை அதனுடன் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், மிடசோலாம் 70 விழுக்காடு நாய்களிலும் டயசெபாம் 20 விழுக்காட்டிலும் வலிப்பை நிறுத்தின. கடிகாரம் ஏன் என்றால், பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். ‘அரை மணி நேரம் துடித்தது’ என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் நடக்காத ஒன்றுக்கு வைத்தியம் செய்ய நேரிடும்.

அடுத்து, வந்தது வலிப்பு நோய்தானா என்ற கேள்வி. வலிப்பு பல நோய்களின் அறிகுறி. தடுப்பூசி போடாத குட்டிக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குடன் வலிப்பு வந்தால் நம் நாட்டில் முதல் சந்தேகம் டிஸ்டெம்பர் வைரஸின் மேல்தான். பால் கொடுக்கும் பொமரேனியன் போன்ற சிறு இனத் தாய்க்குக் குட்டி போட்ட சில வாரங்களில் உடல் விறைத்து நடுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கலாம். அதற்கு ஊசி மூலம் கால்சியம் உடனே ஏற்ற வேண்டும். பூச்சிமருந்து, சர்க்கரை இறக்கம், கல்லீரல் கோளாறு, தலையில் அடி என்று இன்னும் பல உண்டு. மயங்கி விழுவதெல்லாம் வலிப்பும் அல்ல; இதய நோயிலும் நாய் சுருண்டு விழும், ஆனால் சில நொடிகளில் எழுந்து பழையபடி நடக்கும். வெறிநோய்ப் பயம் நம் தெருக்களில் இயல்பானது. தடுப்பூசி போடாத நாய் நடத்தை மாறி, கண்டவரைக் கடிக்கத் துணிந்து, உமிழ்நீர் வடித்தால் விலகி நிற்பதும் கடிபட்டவர் உடனே ஊசி போட்டுக்கொள்வதும் கட்டாயம். ஆனால் வெறிநோய் வந்த நாய் அறிகுறி தொடங்கிய பத்து நாளுக்குள் இறந்துவிடும். வலிப்பு தெளிந்து, மாதக் கணக்கில் வழக்கம்போல் தின்று விளையாடும் நாயை வெறிநாய் என்று அடித்துக் கொல்வது அறியாமை. பார்க்கப்போனால், இங்கேயும் தேதிதான் தீர்ப்புச் சொல்கிறது.

‘மூளையை ஸ்கேன் எடுக்காமல் எப்படி நோயை உறுதி செய்வது? எம்ஆர்ஐ எடுக்கப் பணமில்லாதவர் என்ன செய்வார்?’ என்பது நியாயமான கேள்வி. முதல் வலிப்பு ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வந்து, வலிப்பில்லாத நாட்களில் நடை, பார்வை, அனிச்சை எல்லாம் சரியாக இருந்து, இரத்தம், சிறுநீர் சோதனைகளிலும் குறையில்லை என்றால், மரபு வழியாகவோ காரணம் புலப்படாமலோ வரும் வலிப்பு நோய் என்றே மேற்சொன்ன குழு கொள்கிறது. 2008இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இந்த அடையாளங்களுக்குப் பொருந்திய ஆறு வயதுக்குட்பட்ட 46 நாய்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். சிகிச்சையை மாற்றும் அளவுக்கான கோளாறு ஒன்றில் மட்டுமே தெரிந்தது. ஆறு வயதைக் கடந்த நாய்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் தெரிந்தது. ஆகவே முதியதாகி முதன்முதலாக வலிப்பு கண்ட நாய்க்கும், இடைநாட்களிலும் தடுமாறும் நாய்க்கும் ஸ்கேன் தேவை. மற்றவற்றுக்கு அந்தப் பணத்தை மருந்துக்கும் இரத்தச் சோதனைக்கும் ஒதுக்குவது தவறில்லை. வயதையும் இடைநாட்களின் நடத்தையையும் சொல்ல வேண்டியவர் வளர்ப்பவர்தான். அவர் கைபேசியில் எடுத்த காணொளி மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி. ஆனால் நூறு காணொளிகளைக் கால்நடை மருத்துவர்களிடம் காட்டிக் கேட்ட ஆய்வில், நரம்பியல் வல்லுநர்களுக்கிடையிலேகூட எது வலிப்பு, எது அல்ல என்பதில் முழு உடன்பாடு ஏற்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தேர்ந்த கண்ணுக்கே இப்படி என்றால், நள்ளிரவில் பதறி எழுந்தவர் பார்த்ததை எவ்வளவு நம்புவது?

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். வலிப்பு மருந்து ஆய்வுகளில் ஒரு பாதி நாய்களுக்கு உண்மையான மருந்தும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். எது யாருக்கு என்று வளர்ப்பவருக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இப்படி நடந்த மூன்று ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்ட நாய்களை மட்டும் தனியே பிரித்து, அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கேரன் முன்யானாவும் அவர் குழுவினரும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நாய்கள் 28. அவற்றில் 22 நாய்களுக்கு, அதாவது 79 விழுக்காட்டுக்கு, வலிப்பு குறைந்தது. எட்டு நாய்களுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. பாதியாகக் குறைந்தால் மருந்து பலித்தது என்று ஆய்வுலகமே ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்றுமே இல்லாத மாத்திரை பத்தில் மூன்று நாய்களுக்குப் ‘பலித்திருக்கிறது’.

நாய்க்கு மாத்திரையின் மேல் நம்பிக்கை எப்படி வரும் என்று கேட்பீர்கள். வராது. மூன்று காரணங்கள் உண்டு. வளர்ப்பவர் நல்லதை எதிர்பார்ப்பதால் சிறு வலிப்புகளைக் கணக்கில் விட்டுவிடலாம். ஆய்வில் சேர்ந்தபின் ஏற்கெனவே கொடுத்துவந்த மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். மூன்றாவதுதான் பெரியது. ஒரு நாயை நாம் எப்போது புதிய வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறோம்? அதன் நிலை மிக மோசமான மாதத்தில்தான். ஏறி இறங்கும் நோயில் மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் கொஞ்சம் நல்லதாகவே இருக்கும். வெள்ளம் உச்சத்தைத் தொட்ட அன்று ஆற்றங்கரையில் பூசை போட்டவருக்கு மறுநாள் ஆறு தணிந்த பெருமை சேர்வதைப் போன்றதுதான் இது. உச்சத்தில் எது தொடங்கினாலும், மூலிகைச் சாறானாலும் விலை உயர்ந்த புதிய மாத்திரையானாலும், அதற்குப் பெருமை சேர்ந்துவிடுகிறது. பிறகு நோய் திரும்ப ஏறும்போது ‘மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது’ என்று அடுத்ததைத் தேடுகிறோம். இப்படி ஐந்தாறு வைத்தியம் மாற்றிய குடும்பத்துக்கு ஐந்தாறும் முதலில் பலித்ததாகவும், கடைசியில் கைவிட்டதாகவும் ஞாபகம் இருக்கும். உண்மையில் நோய் தன் போக்கில் ஏறி இறங்கியிருக்கிறது.

இன்று வெகுவாகப் பேசப்படும் கஞ்சாச் செடியின் கன்னாபிடையால் எண்ணெயை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் எண்ணெய் பெற்ற நாய்களுக்கு வலிப்பு எண்ணிக்கை இடைநிலை மதிப்பில் 33 விழுக்காடு குறைந்தது. தனியாகப் பார்த்தால் பெரிய செய்தி. ஆனால் பாதிக்கு மேல் குறைந்த நாய்களின் பங்கு இரண்டு பிரிவுகளிலும் வேறுபடவில்லை. மேலும் ஆராயத்தக்கது, ஆனால் கொண்டாடத்தக்கதல்ல. தேங்காயெண்ணெயில் உள்ள நடுச் சங்கிலிக் கொழுப்பு வகையைச் சேர்த்த உணவை லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 21 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுக்கு வலிப்பு நின்றது, ஏழுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. இந்த நாய்கள் அனைத்தும் மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டுவந்தன. உணவு துணையாகலாம், மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. வீட்டில் தேங்காயெண்ணெயைச் சோற்றில் ஊற்றுவதும் இதுவும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே ஊற்றத் தொடங்கிவிடுவோம்.

கணக்கை எப்படி வைப்பது? ஒரு நாட்காட்டி போதும். வலிப்பு வந்த தேதி, நேரம், நீடித்த நிமிடங்கள், உடல் முழுவதுமா ஒரு பக்கம் மட்டுமா, தெளிய எவ்வளவு நேரமானது, அன்று மாத்திரை தவறியதா, வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்ததா, பெண் நாயானால் பருவத்தில் இருந்ததா. எழுதுவதைவிட முக்கியம் அதைப் படிக்கும் முறை. சிகிச்சைக்கு முன் இரண்டு வலிப்புகளுக்கு இடையே இருந்த மிக நீண்ட இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். சிகிச்சைக்குப்பின் அதைப்போல் மூன்று மடங்கு காலம், குறைந்தது மூன்று மாதம், வலிப்பில்லாமல் கழிந்தால்தான் வலிப்பு நின்றது என்று சொல்லலாம் என்பது பன்னாட்டுக் குழுவின் அளவுகோல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலிப்பு வந்த நாய் ஆறு வாரம் சும்மா இருந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. ஆறு மாதம் சும்மா இருந்தால்தான் செய்தி.

மருந்து எப்போது தொடங்குவது என்பதையும் இந்த நாட்காட்டியே சொல்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலிப்புகள், ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு, ஒரே நாளில் அடுத்தடுத்து வந்த வலிப்பு, அல்லது இடைவெளி குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தொடங்கச் சொல்கிறார்கள். முதல் தேர்வு இன்றும் பினோபார்பிட்டால்தான். 1912இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மான் மனிதரின் வலிப்புக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். நூறாண்டு கழித்தும் மலிவும் பலனும் சேர்ந்த மருந்து இதுவே. இதையும் பொட்டாசியம் புரோமைடையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், பினோபார்பிட்டால் பெற்ற நாய்களில் 85 விழுக்காட்டுக்கும் புரோமைடு பெற்றவற்றில் 52 விழுக்காட்டுக்கும் வலிப்பு முற்றிலும் நின்றது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். இரத்தத்தில் அளவு நிலைப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ‘பலிக்கவில்லை’ என்பது அவசரம். புரோமைடு நிலைப்பட மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். உணவில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதன் அளவு மாறும் என்பதால், ஒருநாள் கருவாடு, மறுநாள் தயிர்சாதம் என்று போடும் வீட்டில் அதை நடத்துவது கடினம். லெவிடிராசிட்டாம் போன்ற புதியவை துணை மருந்தாகச் சேரும். அதை நாளைக்கு மூன்று முறை கொடுக்க வேண்டியிருப்பதே பலருக்குத் தடை.

‘பினோபார்பிட்டால் கல்லீரலைக் கெடுக்கும், அதனால் நல்ல மாதங்களில் நிறுத்திவிடுகிறோம்’ என்று சொல்பவர்கள் உண்டு. இந்த எதிர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. இரத்த அளவு மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டி நீடித்தால் கல்லீரல் கெடும் அபாயம் கூடும். அதற்காகத்தான் ஆண்டுக்கு இருமுறை அளவு பார்க்கச் சொல்வது. ஆனால் இந்த மருந்து கல்லீரல் நொதிகளின் உற்பத்தியையே தூண்டுவதால், சோதனைத் தாளில் நொதி எண்கள் கூடியிருப்பது மட்டுமே கல்லீரல் கெட்டதற்குச் சான்றாகாது; பித்த அமிலம், அல்புமின் போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே தூண்டலால் மருந்தும் விரைவாகச் சிதைவதால், மாதங்கள் போகப்போக அதே மாத்திரையில் இரத்த அளவு இறங்கலாம். முதல் இரண்டு வாரத் தள்ளாட்டமும் தூக்கமும் பெரும்பாலும் தணியும். பசியும் தாகமும் தொடரும். எடை ஏறாமல் காக்க உணவை அளந்து போட வேண்டும். திடீரென்று நிறுத்துவதுதான் கேடு. உடல் அந்த மருந்துக்குப் பழகியிருப்பதால் நிறுத்தியதும் நிற்காத வலிப்பு வரக்கூடும். கல்லீரலைக் காப்பதாக எண்ணி மூளையைப் பணயம் வைக்கிறார்கள்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. எல்லாவற்றையும் எண்ணிக்கையில் அடக்குவது நாயின் வாழ்வை மறப்பதாகாதா, நாட்காட்டி வளர்ப்பவரை இன்னும் கலங்கடிக்காதா என்பது. வலிப்பு நோய் வந்த நாய்களில் அச்சம், தேவையற்ற குரைப்பு, பழகியதை மறத்தல் போன்ற மாற்றங்கள் பதிவாகியுள்ளன. இரவெல்லாம் காத்திருக்கும் குடும்பத்தின் களைப்பும் உண்மை. எண்ணிக்கை இவற்றைச் சொல்லாது. ஆகவே நாட்காட்டியில் நல்ல நாளையும் எழுதுங்கள் என்பேன்: ஓடி விளையாடியது, வயிறாரத் தின்றது, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்தது. இது மனத்தைத் தேற்ற மட்டுமல்ல. ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை நாய்களுக்கு இரண்டு மருந்து கொடுத்தும் வலிப்பு அடங்குவதில்லை. பார்டர் காலி இனத்தில் ஓர் ஆய்வு காட்டிய நிலை இன்னும் கொடிது: பத்தில் ஏழுக்கு மருந்து பலிக்கவில்லை, நோய் தொடங்கி இரண்டாண்டு அளவிலேயே பாதி நாய்கள் இறந்தன. அப்படிப்பட்ட நாயின் துன்பத்தை முடித்துவிடலாமா என்ற பேச்சு பெரும்பாலும் ஒரு கெட்ட இரவுக்கு மறுநாள் காலையில்தான் எழுகிறது. அந்தக் காலையில் முடிவெடுப்பவர், உச்சத்தில் பூசை போட்டவர் செய்த அதே பிழையை எதிர்த்திசையில் செய்கிறார். முந்தைய ஆறு மாதத்தில் நல்ல நாள் எத்தனை என்று எழுதி வைத்திருப்பவரால் மட்டுமே இரண்டில் எதுவானாலும் நியாயமாக முடிவெடுக்க முடியும்.

கடைசியாக, இனப்பெருக்கம். பின்லாந்தின் ஹன்னெஸ் லோஹியின் குழு சில இனங்களில் வலிப்புக்கான மரபணுக்களைக் கண்டறிந்திருக்கிறது. லகோட்டோ ரோமக்னோலோ குட்டிகளுக்கு வந்து தானே மறையும் வலிப்பு அதில் ஒன்று. நம் வீடுகளில் அதிகம் வளரும் லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் வரும் வழக்கமான வலிப்பு ஒற்றை மரபணுவில் அடங்குவதில்லை. முன்கூட்டிச் சொல்லும் இரத்தச் சோதனையும் அவற்றுக்கு இல்லை. முதல் வலிப்பு பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வயதில் வருகிறது, அதற்குள் பல நாய்கள் ஓர் ஈற்றைக் கண்டுவிடுகின்றன. வலிப்பு நோய் உறுதியான நாயை மேற்கொண்டு இணை சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே பிறந்த குட்டிகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தெரிந்தால், முதல் வலிப்பின் தேதியையும் அப்போது நாயின் வயதையும் அவர்களுக்கும், நாயை விற்றவருக்கும் தெரிவியுங்கள். விற்றவர் பலசமயம் கேட்க விரும்பமாட்டார். எழுத்தில் கொடுங்கள்.